எழுபத்து மூன்றுக்கு ஒரு வரி

ஜனவரி 8, திங்கள்

இந்தக் குறிப்பேடு திருவேங்கடம் சாரின் யோசனை. கண்காட்சி முடியும்வரை என்ன செய்தோம், என்ன யோசித்தோம் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டுமாம். "யோசிக்காத நாள்ல என்ன சார் எழுதறது?" என்று கேட்டேன். "உனக்கு அது வசதிதான்யா, தேதி மட்டும் போட்டாப் போதும்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் புண்பட்டுவிட்டதாக நினைத்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். மூன்றாம் ஆண்டு ஓவிய மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து ஓவியர் கனகவல்லியின் வாழ்க்கையையும் படைப்புகளையும் கொண்டாடுகிறோம். பிப்ரவரி பதினாறு திறப்பு. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஐம்பது வருடமாக வரிசையில் நிற்பவர்களின் முதுகை மட்டுமே வரைந்தவர். ரேஷன் வரிசை, தண்ணீர் லாரி வரிசை, ஆஸ்பத்திரி வரிசை. ஒரு படத்திலும் முகம் கிடையாது. அவருக்குப் பிறகு சென்னையில் தூரிகை பிடித்தவர்களில் பாதிப்பேர் முதுகு வரையத் தொடங்கினார்கள். நானும் முதல் வருடத்தில் ஒன்று வரைந்தேன். பார்த்தவர்கள் மூட்டை என்றார்கள்.

வேலையைப் பிரித்தாயிற்று. நஸ்ரின் தலைவி. ராயபுரத்து ஃபெலிக்ஸ், ஹாஸ்டலில் என் அறைக்காரன், பலகையில் ஆளுயர முதுகுகளை வெட்டி வாசலில் வரிசையாக நிறுத்துவான். எனக்குச் சுவர். கனகவல்லியின் வாழ்க்கையை வருடவாரியாகத் தூரிகையால் எழுத வேண்டும். எழிலரசன் ஆகிய எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். நுண்கலைக் கல்லூரிக்கு வர இதைத் தவிர வேறு தகுதி எனக்கு இருக்கவில்லை என்பதை மூன்று வருடமாக மறைத்து வருகிறேன்.

ஜனவரி 11, வியாழன்

நூலகத்தில் கனகவல்லி பற்றி மூன்று புத்தகங்கள். மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. 1973-ல் கோவில்பட்டியில் வாத்தியார் கணவரையும் ஆறு வயது மகனையும் விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தார் என்று மூன்றிலும் இருக்கிறது. 1974-க்கு நேராக ஒரு படமும் இல்லை. அதை நான் நிரப்பிவிட்டேன்: "வடிவத் தேடலில் ஆழ்ந்த ஆண்டு." படித்துப் பார்த்தேன். எனக்கே மரியாதை வந்தது.

முதுகுகளுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயார். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர் எப்படி முகத்தை வரைவார்? நஸ்ரினிடம் சொன்னேன். "உன் டி-ஷர்ட்டுல ஒரு கை நீளமா இருக்கு, முதல்ல அதைப் பாரு" என்றாள்.

என் டி-ஷர்ட்டுகள் எல்லாமே அப்படித்தான். ஒன்றில் கை நீளம், ஒன்றில் கழுத்து கோணல், ஒன்றில் 'கலிபோர்னியா' என்பதில் ஒரு எழுத்து குறைவு. தி.நகரில் வாங்கியவை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் திருப்பூரிலிருந்து போன். வேலையாக இருந்ததால் எடுக்கவில்லை. கேன்டீனில் டீ குடிப்பதும் வேலைதான்.

ஜனவரி 16, செவ்வாய்

குடியாத்தம். பொங்கல். அப்பா இப்போது மிகவும் நல்லவராக இருக்கிறார். பாத்திரம் எறிவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் ஒடுங்காத பாத்திரம் கிடையாது. பொங்கல் பானைகூடச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தால்தான் நிற்கும். கோபம் வந்தால் அவர் கையில் பாத்திரம்தான் கிடைக்கும், நல்லவேளை. பெரும்பாலும்.

அத்தை கரும்பு நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தார். "உங்கம்மா போன் பண்ணாளா?"

"தெரியல."

"தெரியலன்னா இன்னாடா அர்த்தம்? போன் உங்கிட்டதானே கீது?"

"எடுக்கல அத்த."

"அவ மேல இன்னாடா கோவம் உனுக்கு? போவும்போது உன்னியும்தானே கூப்புட்டா. நீதான் மேட்ச் கீதுன்னு பேட்ட தூக்கினு ஓடிட்ட."

அத்தைக்கு ஞாபகசக்தி அதிகம். முக்கியமில்லாத விஷயங்களில் ரொம்ப அதிகம். எட்டாம் வகுப்பில் நடந்தது யாருக்கு நினைவிருக்கும்? அந்த மேட்சில் முதல் பந்திலேயே அவுட் ஆனேன் என்பது தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை.

ஜனவரி 20, சனி

பெரம்பூரில் கனகவல்லி அம்மா வீடு. இரண்டாம் மாடி. நஸ்ரின் கேள்விகளை அச்சடித்து எடுத்து வந்திருந்தாள். ஃபெலிக்ஸ் முறுக்குப் பொட்டலம் எடுத்து வந்திருந்தான். நான் என் விளக்கத்தை எடுத்துப் போயிருந்தேன்.

ஒல்லியான உருவம், கிராப்பு வெட்டிய வெள்ளை முடி, கண்ணில் தடித்த கண்ணாடி. முறுக்கைப் பார்த்ததும் "பல்லு இல்லாதவளுக்கு முறுக்கு வாங்கிட்டு வந்த மகராசன் யாருய்யா?" என்றார். ஃபெலிக்ஸ் கை தூக்கினான். அம்மாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

நஸ்ரின் நிறத்தைப் பற்றி, கித்தான் அளவைப் பற்றிக் கேட்டாள். நான் இடையில் புகுந்தேன்.

"நீங்க முகமே வரையாததுக்குக் காரணம் குற்ற உணர்ச்சிதானேம்மா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரேஷன் கடையில நின்னுருக்கியா?"

"நின்னுருக்கேன்."

"முன்னால நிக்கிறவ முகம் தெரிஞ்சுதா?"

"இல்ல."

"எனக்கும் தெரியல. அம்புட்டுதான்."

அத்துடன் வாயை மூடியிருக்கலாம். மூடினால் அது நான் இல்லையே. "உங்க பையன் உங்கள மன்னிச்சிட்டாரா?" என்று கேட்டுவிட்டேன். நஸ்ரின் என் காலை மிதித்தாள். 

"அதை எங்கிட்ட கேட்டா எப்படிய்யா?" என்றார் அம்மா. "அவன் நம்பர் தாரேன். அவன்கிட்டயே கேளு."

திரும்பும்போது பஸ்ஸில் நஸ்ரின் என்னோடு உட்காரவில்லை. வேறு இருக்கை இல்லாததால் நின்றுகொண்டே வந்தாள்.

ஜனவரி 24, புதன்

போன் செய்தேன். எனக்குத் தைரியம் என்று இல்லை, "கேட்டியே, இப்பப் பண்ணு" என்று நஸ்ரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சுந்தரவேல், ஐம்பத்தாறு வயது, கோயம்புத்தூரில் காப்பீட்டு அலுவலகம். உலகத்தின் மீது கசப்பு நிறைந்த ஒரு குரலை எதிர்பார்த்திருந்தேன். பாலிசி எடுக்கிறீர்களா என்று கேட்கும் குரல் வந்தது.

"ஆமா தம்பி, அம்மா ஊர விட்டுப் போனாங்க. நான் அப்பாகிட்ட வளந்தேன். அதுக்கென்ன இப்போ?"

"உங்களுக்குக் கோவம் இல்லீங்களா சார்?"

"இருந்துச்சுங்க. முப்பது வயசு வரைக்கும் பத்திரமா வெச்சிருந்தேன். அப்புறம் எனக்கே பொண்ணு பொறந்துட்டா. கோவப்பட நேரம் கெடைக்கல."

"அவங்க படமெல்லாம் பிடிக்குமா சார்?"

"நெஜத்தச் சொல்லட்டுங்களா? எல்லாம் முதுகு. வீட்டுல சோபாவுக்கு மேல ஒண்ணு மாட்டியிருக்கோம். வர்றவங்கெல்லாம் இவங்க உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்கறாங்க. திறப்பு விழாவுக்கு வர்றேன் தம்பி, டிக்கெட் போட்டாச்சு."

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சின்ன பதிலா? ஏமாற்றமாக இருந்தது. ஒரு மனிதருக்குத் தன் கோபத்தின் மீது கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா?

பிப்ரவரி 1, வியாழன்

சுவருக்கு வெள்ளை அடித்துக் காய்ந்துவிட்டது. இன்று 1946-ல் தொடங்கி 1973 வரை எழுதிவிட்டேன். எல்லாம் கறுப்பில், நிதானமாக. 1973-க்கு மட்டும் சிவப்பு: "மகனை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தார்." எழுத்து கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. கை அப்படிப் போயிற்று.

நஸ்ரின் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்தாள். அவள் எதையாவது தரையில் வைத்தால் சண்டை என்று பொருள்.

"இது என்ன?"

"உண்மை."

"இவங்க எடத்துல ஒரு ஆம்பள இருந்தா 'கலைக்காக ஊரை விட்டு வந்தார்'னு எழுதுவே. எத்தன பேரு அப்படி வந்திருக்கான்? எவன் பேருக்குக் கீழயாவது 'பிள்ளையை விட்டுவிட்டு'ன்னு செவுத்துல எழுதியிருக்கா?"

"அவங்களப் பத்தி யாராவது கேட்டா அதையும் எழுதுவேன்."

"நாம கொண்டாடறதுக்கு நடத்தறோம். நீ கோர்ட்டு நடத்தற."

"அப்ப பொய் எழுதலாமா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். அது இன்னும் மோசம். "எழில், நீ இந்தம்மாவைத் திட்டலடா. வேற யாரையோ திட்டற. அதுக்கு அவங்க செவுரு எதுக்கு?"

நான் யாரையும் திட்டவில்லை. சிவப்பு அந்த இடத்துக்குப் பொருத்தம். நிறக் கோட்பாடு இரண்டாம் ஆண்டுப் பாடம்.

பிப்ரவரி 2, வெள்ளி

நஸ்ரின் பேசவில்லை. வேலை வேகமாக நடக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

குளித்துவிட்டு அறைக்கு வந்தால் ஃபெலிக்ஸ் என் போனில் யாருடனோ சிரித்துக்கொண்டிருக்கிறான். "வாங்கம்மா, கண்டிப்பா வாங்க" என்று வைத்தான்.

"யாருடா?"

"திருப்பூர்னு வந்துச்சு மச்சான். அடிச்சிக்கினே இருந்துச்சா, எடுத்துட்டேன். உங்கம்மா. சாப்ட்டியான்னு கேட்டாங்க, நான் சாப்ட்டேன்னு சொன்னேன். அப்புறந்தான் உன்னக் கேக்கறாங்கன்னு புரிஞ்சுது. எக்ஸிபிசனுக்கு வரச் சொல்லிட்டேன்."

"எவன்டா உன்ன எடுக்கச் சொன்னது?"

"டி-ஷர்ட்டு சரியா இருக்கான்னும் கேட்டாங்க. அவங்க கம்பெனில தைக்கிறதுதானாமே! தி.நகருன்னு கத விட்ட?"

நான் கத்தினேன். பனியன் கம்பெனியில் லீவு தரமாட்டார்கள், வரப்போவதில்லை, தேவையில்லாமல் ஆசை காட்டிவிட்டாய் என்றெல்லாம். ஃபெலிக்ஸ் பாவம், தலையைச் சொறிந்தான். "சரிதான் மச்சான். ஆனா ஆச காட்டுனது யாருக்குன்னு கத்தற?" என்றான்.

பலகை அறுக்கிறவனுக்கு இந்தக் கேள்வியெல்லாம் தேவையா?

பிப்ரவரி 9, வெள்ளி

கனகவல்லி அம்மா திடீரென்று ஆட்டோவில் வந்து இறங்கினார். செத்த பிறகு நடத்தும் கண்காட்சியைப் போலவே இருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். ஃபெலிக்ஸின் பலகை முதுகுகளைத் தட்டிப் பார்த்தார். சிரித்தார். பிறகு சுவரிடம் வந்தார். மேலே ஒரு தார்ப்பாய் போட்டு மூடியிருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

கோலை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு வருடமாகப் படித்தார். சிவப்பிடம் நின்றார். நஸ்ரின் வெளியே போய்விட்டாள்.

"எழுத்து நல்லா இருக்கு. யாரு எழுதுனது?"

"நான்தாம்மா."

"நினைச்சேன். விஷயம் தப்பு."

"மூணு புஸ்தகத்துல இருக்கும்மா."

"அவனை விட்டுட்டு வரலய்யா. கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுத்தான் வந்தேன். சூளையில ஒரு ரூம்பு. பகல்ல நான் அச்சாபீசுக்குப் படம் போடப் போயிருவேன். அவனைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போவேன். மஞ்சக்காமாலை வந்துருச்சு. கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கான், நான் வேலைக்குப் போயிட்டு வாரேன். அவுக அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு. நான் தடுக்கல. தடுத்திருக்கணுமா வேண்டாமான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

"இது எங்கயுமே இல்லையேம்மா."

"யாரு கேட்டா? ஏன் விட்டுட்டு வந்தேன்னு எல்லாரும் கேட்டாக. கூட்டிட்டு வந்தியான்னு ஒருத்தரும் கேக்கல."

அடுத்த வரியைப் படித்தார். "வடிவத் தேடலில் ஆழ்ந்த ஆண்டா?" சிரிப்பு வந்து, இருமலாகி, நான் நாற்காலி கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

"கை வரலய்யா. தூரிகையைத் தொட்டா அழுகை. ஒரு வருஷம் அப்படியே போச்சு. தேடலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"நான் அழிச்சிடறேம்மா."

"அழிச்சா மறுபடி ஏதாச்சும் எழுதணுமில்ல? நல்லா எழுது." போகும்போது ஆட்டோவில் ஏறிக்கொண்டே கேட்டார். "உனக்கு எந்த ஊருய்யா? வீட்டுல யாரு இருக்கா?"

"குடியாத்தம். அப்பா, அத்தை."

அவர் மேலும் கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 10, சனி

இன்று வேலை ஓடவில்லை. தேதி மட்டும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சிவப்பு எளிதில் போகாது என்பது இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் இல்லை. நான்கு முறை வெள்ளை அடித்தும் ரோஜா நிறத்தில் தெரிந்துகொண்டே இருந்தது. நஸ்ரின் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உப்புக்காகிதம் கொண்டுவந்து தேய்க்க ஆரம்பித்தாள். அவளும் நானும் ஒரு மணி நேரம் தேய்த்தோம்.  இரண்டு பேருக்கும் தும்மல்.

புது வரி எழுத மூன்று நாளாகிறது. "சூழ்நிலையின் காரணமாக" என்று ஒன்று எழுதினேன். அரசாங்க அறிவிப்பு. "தாய்மையின் வலியோடு" என்று ஒன்று. அதைப் படித்து எனக்கே பல் கூசியது. கடைசியில் கனகவல்லி அம்மா சொன்னதையே எழுதினேன், கறுப்பில், மற்ற எழுத்துகளின் அளவிலேயே.

1973: மகனை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார்.
1974: மகன் நோயுற்று அப்பாவிடம் திரும்பினான். அந்த ஆண்டு இவர் ஒரு படமும் வரையவில்லை.

நஸ்ரின் தூரத்தில் நின்று படித்தாள். "ம்" என்றாள். அவளிடமிருந்து இது பரிசு.

பிப்ரவரி 15, வியாழன்

நாளை திறப்பு. கோணாத காலர் உள்ள ஒரே சட்டையை இஸ்திரி போட்டேன். யாரும் எனக்காக வரப்போவதில்லை. பொதுவாகவே போட்டேன். பிறகு ஃபெலிக்ஸின் சட்டையையும் போட்டுக் கொடுத்தேன், சந்தேகம் வராமலிருக்க.

பிப்ரவரி 16, வெள்ளி

கூட்டம். கனகவல்லி அம்மா முன் வரிசையில். பக்கத்தில் தொப்பையோடு, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு சுந்தரவேல். கல்லூரி முதல்வர் பேசினார், திருவேங்கடம் சார் பேசினார், முதுகைப் பற்றி எல்லாரும் முகத்துக்கு நேராகப் பேசினார்கள். பிறகு சுந்தரவேல் சுவரருகே வந்தார். 1974-ஐப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இது அம்மா சொன்னாங்களா தம்பி?"

"ஆமா சார்."

"எங்கிட்ட சொன்னதில்ல." பேனாவைச் சரிசெய்துகொண்டார். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "காப்பி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். காப்பியை ஆற்றிக் கொடுத்தார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

நான் காற்று வாங்க வாசலுக்கு வந்தேன். ஃபெலிக்ஸின் பலகை வரிசையில் கடைசியாக ஒரு முதுகு கூடுதலாக இருந்தது. நீலச் சேலை, தோளில் துணிப்பை, கொண்டையில் கனகாம்பரம். பலகைப் பெண்மணிக்குப் பின்னால் இடம் விட்டு ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது.

கிட்டப் போனேன். சொல்ல வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. "அது பலகைம்மா. நகராது."

"தெரியுதுடா. கண்ணு இன்னா அவிஞ்சா போச்சு?" என் அம்மா திரும்பினாள். இளைத்திருந்தாள். தலையில் நூல் தூசியா நரையா என்று தெரியவில்லை. "உள்ள பெரிய மனுசங்கல்லாம் கீறாங்க. நீயா வந்து கூப்புடுவன்னு நின்னேன்."

"எவ்ளோ நேரமா?"

"இப்பதான்."

ராத்திரி பஸ்ஸில் வந்து காலையிலிருந்தே நிற்பதாக ஃபெலிக்ஸ் பிறகு சொன்னான். ரிப்பன் வெட்டும்போது நான் அந்தப் பக்கமாக மூன்று முறை போயிருக்கிறேன். பலகை என்று நினைத்திருக்கிறேன். ஓவிய மாணவனின் கூர்ந்த பார்வை.

உள்ளே அழைத்துப் போனேன். "இதெல்லாம் நீயாடா எழுதன? அச்சு மாதிரி கீது" என்று சுவரைத் தொடப்போய், விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தொடாமலே விட்டாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், நேரம் பிடிக்கும். 1974-ல் நின்றாள். ஏதாவது விளக்க வேண்டுமா என்று வாயைத் திறந்தேன்.

"ஒரு வருசந்தானா?" என்றாள் அம்மா. "அடுத்த வருசமே வரைய ஆரம்பிச்சிட்டாங்களா? பரவால்லயே."

அவள் தோளிலிருந்த துணிப்பையை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். 

நஸ்ரின் வந்து அறிமுகப்படுத்திக்கொண்டாள். கனகவல்லி அம்மா தூரத்திலிருந்து எங்களைப் பார்த்தார். கூப்பிடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஃபெலிக்ஸ் முதல் காரியமாக, "ஆன்ட்டி, எக்ஸ்எல் சைஸ் கெடைக்குமா?" என்று கேட்டான்.

மத்தியான ரயிலில் திரும்ப வேண்டுமாம். நாளை ஷிப்ட் இருக்கிறது. சென்ட்ரலுக்கு எதிரில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். என் இலையில் பொரியலை வைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பீன்ஸ் பிடிக்காது என்பது அவளுக்கு மறந்திருக்கிறது. சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் சாப்பிட்டேன்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கம்பிக்கு உள்ளே அவள், வெளியே நான்.

"அப்பா எப்டி கீறாரு?"

"நல்லா கீறாரு. இப்பல்லாம் எதுவும் எறியறதில்ல."

"ம்." கம்பியில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள். "லீவு எப்ப உடறாங்க?"

"ஏப்ரல் கடசில."

"அங்க வெயிலு ஜாஸ்திடா. ரூமு சின்னது. ஃபேன் கீது."

"இங்க மட்டும் இன்னா, ஊட்டியா?"

அவள் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாள் என்பதை மறந்துவிட்டிருந்தேன். வண்டி நகர்ந்தது. கூடவே நாலடி நடந்தேன், பிறகு கொஞ்சம் ஓடினேன்.

"காலைல எத்தன மணிக்கும்மா திருப்பூருக்கு வண்டி?"

"ஆறு மணி வாக்குல ஒண்ணு கீது!" என்று கத்தினாள். இன்னும் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.

காலை ஆறு மணியை நான் பார்த்ததாக வரலாறு இல்லை. ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுந்து பழகிக்கொள்ளலாம்.